துண்டு போட்ட நாடு

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் புளியங்குடி பஸ் நிற்பதற்கு முன்பே ஒருவர் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி, மூன்று பேர் உட்காரும் சீட்டில் இடம் பிடித்துவிட்டார். கூட்டத்தில் இடிபட்டு அவர் உள்ளே வருவதற்குள், ஓர் அம்மாள் அந்தத் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தார். நான் அதற்குப் பின்சீட்டில் இருந்தேன்.

"யக்கா, அது நான் துண்டு போட்ட எடம்."

"இப்படித்தான் அண்ணாச்சி உலகத்துல சண்டையே வருது. எங்க பாட்டன் கொடி நட்ட எடம்னு சொல்லிக்கிட்டு ஒருத்தன் பக்கத்து நாட்டுக்குள்ள டாங்கியோட போறான். காலையில டிவியில பாத்தேன்."

"அவன் செய்யது அநியாயம். நான் கேக்கது நியாயம்லா?"

"அவனும் அதத்தான் சொல்லுதான்."

அண்ணாச்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"சரி, ஆளில்லாத நேரம் பாத்து உள்ள புகுந்தது யாரு?"

"நான் எங்க புகுந்தேன்? காலியாக் கெடந்துது, உக்காந்தேன்."

"அவனும் அதத்தான் சொல்லுதான்."

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டைத் திருப்பிக் கொடுத்து, ஜன்னலோரமாக நகர்ந்தார். அண்ணாச்சி மறு ஓரத்தில் உட்கார்ந்தார். நடுவில் அம்மாளின் பை எல்லைக்கல் மாதிரி இருந்தது.

பஸ் ஊரைத் தாண்டியதும், நின்றுகொண்டு வந்த ஒருவர் கேட்டார்: "அண்ணாச்சி, அந்தப் பையை எடுத்தா நானும் உக்காருவேம்லா?"

அம்மாள் பையை இறுக்கிப் பிடித்தார். அண்ணாச்சி அதன் மேல் துண்டை விரித்தார்.

ஓடுகிற பஸ்ஸில் இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்:

"ஆள் வருது."