நடுவில் கிழித்த மெத்தை

இந்த இரங்கல் கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சிவசுப்பிரமணியன் ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, தம் ஆஸ்பத்திரி வேலைகளுக்கு இடையில் பெரம்பலூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் டாக்டர் லீலா மேரி அவர்களே, அரியலூர்க் கடைவீதி வியாபாரிகளே, எங்கள் மெத்தைத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த அரியமுத்துவின் துணைவியார் அண்ணி அம்சவள்ளி அவர்களே, உங்கள் அனைவருக்கும் சங்கத்தின் செயலாளன் பிலவேந்திரனின் வணக்கம்.

கூட்டத் தலைவர் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். ஐயா, தாங்கள் மணி அடித்தாலும் இன்று நான் உட்காரப் போவதில்லை. பேச வேண்டியதைப் பேசாமல் உட்கார்ந்த நாள் ஒன்று என் வாழ்க்கையில் உண்டு. அந்த நாளைப் பற்றிப் பேசத்தான் எழுந்திருக்கிறேன்.

யார் இந்த அரியமுத்து? உடையார்பாளையத்துப் பக்கம், ஒரு குழி நிலம்கூடச் சொந்தமில்லாத வீட்டில் பிறந்தவர். அறுவடைக் கூலிக்குப் போகப் பிடிக்காமல் திருச்சிக்கு ஓடி, பஞ்சு அடிக்கக் கற்றுக்கொண்டு திரும்பியவர். எழுபத்து நான்காம் ஆண்டு, ஜெயங்கொண்டம் சாலையில் ஒழுகுகிற கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, ஒன்பது பேரைச் சேர்த்து இந்தச் சங்கத்தைத் தொடங்கியவர். இன்று நாம் நாற்பத்து மூன்று பேர். பஞ்சு அடிக்கிற ஆணுக்கும் உறை தைக்கிற பெண்ணுக்கும் ஒரே கூலி என்று அவர் முதல் கூட்டத்திலேயே சொன்னார். அன்று நான்கு ஆண்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள். அவர் போகட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த தீர்மானத்தைப் படித்தார். நான்கு பேரும் மறு வாரம் வந்து சேர்ந்தார்கள். அதில் இரண்டு பேர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள், பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம்.

அவர் இனிமையான மனிதர் என்று நான் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். கோபம் வந்தால் கையில் இருக்கிற பஞ்சடிக் கோல் பறக்கும். டீ வாங்கிக் கொடுப்பதென்றால் இரண்டு பேருக்கு ஒரு டீ. கல்யாண வீட்டுக்குப் போனால் சாப்பாட்டுப் பந்திக்குப் போகமாட்டார், முதலில் சீர் வரிசையில் இருக்கிற மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கப் போவார். அது நம் சங்கத்து மெத்தையாக இல்லாவிட்டால் அந்த வீட்டில் பாயசம்கூட அவருக்கு இறங்காது.

மெத்தை விஷயத்தில் நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். சீர் மெத்தையின் ஒரு மூலையில் ஒரு சாண் அளவு தைக்காமல் விட்டுக் கொண்டுபோவோம். மாப்பிள்ளையின் தாய்மாமன் அதற்குள் கையை விட்டு ஒரு பிடி பஞ்சை எடுப்பார். ஊதுவார். பறந்தால் இலவம் பஞ்சு, விழுந்தால் நூல் மில்லின் கழிவுப் பஞ்சு. பிறகு எல்லார் முன்னிலையிலும் மூலையைத் தைத்து மூடி, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு வருவோம். ஒரு முறை கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு தாய்மாமன், பெரிய மனுஷத்தனமாக, பார்க்கவே வேண்டாம், தைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அரியமுத்து ஊசியைக் கீழே வைத்துவிட்டார். பார்க்காத மூலையைத் தைக்க மாட்டேன் என்று நின்றார். முகூர்த்தம் நெருங்குகிறது, நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டு காத்திருக்கிறார், இவர் அசையவில்லை. கடைசியில் அந்த மாமன் பட்டுச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு பஞ்சை எடுத்து ஊதிய பிறகுதான் கல்யாணமே நடந்தது.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் இந்த ஊர் ‘மூலைமுத்து’ என்று கேலி செய்தது. மூலையில் நல்ல பஞ்சு, நடுவில் கழிவு என்று வைத்துத் தைத்துப் பிரசவ ஆஸ்பத்திரியை ஏமாற்றியவர் என்று பேசியது. இந்தக் கூடத்தில் இருக்கிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரைச் சொல்லாதவர்கள்? கையைத் தூக்கச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

பின்வரிசையில் சலசலப்பு கேட்கிறது. வைரக்கண்ணு, நீங்கள் எழுந்து நிற்பதைப் பார்க்கிறேன். கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் கேட்க நினைப்பதற்கு நானே பதில் சொல்கிறேன்.

போன ஆண்டு நம் தொழில் எந்த நிலையில் இருந்தது? மழை பொய்த்து, போடிப் பக்கத்தில் இலவங்காய் பாதிகூடத் தேறவில்லை. பஞ்சு விலை ஒன்றரை மடங்கு ஏறியது. அரியலூர் ஸ்டேஷனில் வாரம் தவறாமல் ஃபோம் மெத்தை வந்து இறங்கியது. கடைக்காரர்கள் அதைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தி விளக்குப் போட்டார்கள். திருச்சியிலிருந்து கழிவுப் பஞ்சு மெத்தை பாதி விலைக்கு வந்தது. இரண்டுக்கும் நடுவில் நாம் நின்றோம். தை, வைகாசி, ஆவணி என்று கல்யாண மாதங்களில் மட்டும் வேலை. ஆடி வந்தால் நம் பெண்கள் முந்திரிக் காட்டுக்கும், பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி எடுக்கவும் போனார்கள். அந்த நேரத்தில்தான் டாக்டர் அவர்களின் பிரசவ ஆஸ்பத்திரி எண்பது மெத்தை கேட்டது. ஆனி இருபதுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் ஃபோம் கம்பெனிக்குப் போய்விடும். நன்றாக இருந்தால் அவர்களுடைய மற்ற ஆஸ்பத்திரிகளும் நம்மிடமே வாங்கும். நாற்பத்து மூன்று வீட்டு அடுப்பு ஆடியிலும் மார்கழியிலும் எரிவது அந்த எண்பது மெத்தையில் இருந்தது.

அரியமுத்து பஞ்சு வாங்கப் போடிக்குப் புறப்பட்டுப் போனார். நாற்பத்து நான்கு மெத்தைக்குத்தான் கையில் பஞ்சு இருந்தது. லாரி இன்று வரும், நாளை வரும் என்று தந்தி வந்ததே தவிர லாரி வரவில்லை. ஆனி பதினாறும் ஆகிவிட்டது.

மீதி முப்பத்தாறு மெத்தைக்கு நடுவில் மில் கழிவைப் போட்டு, நான்கு மூலைக்கும் இலவம் பஞ்சு வைத்துத் தைக்கச் சொன்னது யார்?

நான்.

தயவு செய்து உட்காருங்கள். எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊரில் யாரும் நடுவைப் பார்ப்பதில்லை, மூலையைத்தான் பார்ப்பார்கள் என்பது என் கணக்கு. கொட்டகையில் தையல் பகுதிக்குப் பொறுப்பு இருசம்மாள். உறையைத் தூக்கிப் பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் வந்து, “அண்ணே, நடுவுல கனக்குதுங்க. இது நம்ம பஞ்சு இல்லீங்களே” என்றார். தைக்க மாட்டேன் என்று ஊசியையும் வைத்துவிட்டார். அப்போது நான் அவரிடம் என்ன சொன்னேன்? “தலைவரு சொல்லிட்டுப் போயிருக்காரு. தைச்சிரும்மா” என்றேன். என் பெயரைச் சொல்லியிருந்தால் இருசம்மாள் தைத்திருக்க மாட்டார். அரியமுத்து பெயரைச் சொன்னதால் தைத்தார். இருசம்மாள், அங்கே தூணருகில் இருக்கிறீர்கள். நான் சொல்வதில் ஒரு சொல் தப்பென்றால் இப்போதே எழுந்து சொல்லுங்கள்.

அவர் உட்கார்ந்தே இருக்கிறார். முகத்தை முந்தானையால் மூடியிருக்கிறார். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

ஐப்பசி மழை வந்தது. இலவம் பஞ்சு ஈரத்தை உள்ளே விடாது. கழிவுப் பஞ்சு குடித்துவிடும். பிரசவமான பெண்கள் படுக்கிற மெத்தையில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்? முப்பத்தாறு மெத்தையும் கட்டி தட்டி, நாற்றம் எடுத்து, பச்சை உடம்புக்காரிகள் தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள். டாக்டர் ஆள் அனுப்பினார்கள். அரியமுத்துவும் நானும் போனோம். மீதிக்குத் திருச்சியில் கடனுக்கு இலவம் பஞ்சு வாங்கினேன் என்று நான் சொன்ன பொய்யை நம்பியிருந்ததால், போகிற வரைக்கும் அவருக்கு ஒன்றும் தெரியாது. நம் மெத்தை கெடாது, வேறு யார் மெத்தையையோ மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று பஸ்ஸில் என்னிடம் சண்டையே போட்டுக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர், நர்ஸம்மாக்கள், கடைவீதிக்காரர்கள் நாலு பேர், அந்த ஃபோம் கம்பெனி ஏஜெண்ட், எல்லாரும் நின்றார்கள். அரியமுத்து ஒரு மெத்தையின் மூலையைப் பிரித்தார். வெள்ளை வெளேரென்று இலவம் பஞ்சு வந்தது. அவர் முகத்தில் நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். அப்புறம் கத்தரியை வாங்கி, மெத்தையை நடுவில் நீளவாக்கில் கிழித்தார். அழுக்குக் கழிவு வராந்தாவில் கொட்டியது. அவர் ஒரு பிடி எடுத்து ஊதினார். அது அவர் காலடியிலேயே விழுந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதிலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

டாக்டர் அவர்கள், இது யார் சொல்லி நடந்தது என்று கேட்டார்கள். ஒரு முழத் தூரத்தில் நான் நிற்கிறேன். என் வாய் திறக்கவில்லை. அவர் சொன்னார்: “சங்கத்துல நடந்தா தலைவன்தாங்க பொறுப்பு. முப்பத்தாறையும் நானே அடிச்சுத் தரேன்.”

திரும்பி வரும் பஸ்ஸில் குன்னம் தாண்டியதும் அவர் கேட்டார், இருசம்மாளிடம் என் பெயரைச் சொன்னாயா என்று. ஆமாம் என்றேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம். அவர் சொன்னது இதுதான்: “பிலவேந்திரா, நான் சொன்னா அது காட்டிக் குடுக்கறது. பொதுக்குழுவுல நீயே எந்திரிச்சு சொல்லு. நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

மார்கழியில் பொதுக்குழு கூடியது. இதே கூடம். வைரக்கண்ணு எழுந்து, ஊருக்கெல்லாம் மூலை காட்டிவிட்டு எங்கள் வயிற்றில் அடித்துவிட்டாயே என்று அரியமுத்துவைப் பார்த்துக் கத்தினார். கத்தியது அவர் குற்றம் இல்லை, அவர் நம்பியது அப்படி. அரியமுத்து என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். ஆண்டறிக்கையைப் படித்தேன். உட்கார்ந்தேன். அவர் அன்றே தலைவர் பதவியை விட்டு இறங்கினார்.

இறங்கிய பிறகும் கொட்டகைக்கு வந்தார். தனியாக உட்கார்ந்து அந்த முப்பத்தாறு மெத்தைக்கும் பஞ்சு அடித்தார். ஏற்கெனவே இருமல் இருந்த நெஞ்சு. பஞ்சுத் தூசி கூடாது என்று வைத்தியர் சொல்லியும் கேட்கவில்லை. முப்பத்தாறாவது மெத்தை தை மாதம் பெரம்பலூருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் படுத்துவிட்டார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை அவசரப் பொதுக்குழு. கொட்டகையை ஃபோம் கம்பெனி ஏஜெண்டிடம் விட்டுவிட்டு, அவர்களுக்கு உறை தைத்துக் கொடுக்கும் கூலிகளாக நாம் மாறுவது என்று தீர்மானம். ‘முன்னாள் தலைவரே கலப்படம் செய்து சங்கத்தின் பெயரைக் கெடுத்துவிட்டபடியால்’ என்று நோட்டீஸில் ஒரு வரி இருக்கிறதே, அதை எழுதியது இந்தக் கைதான். அந்த நோட்டீஸ் உறுப்பினர் என்ற முறையில் அவர் வீட்டுக்கும் போனது. படுக்கையில் படித்துப் பார்த்திருக்கிறார். நான்காம் நாள் இறந்தார்.

நான் ஏன் இப்படி இருந்தேன்? பதவி ஆசையா? அது இல்லை. பயம். வெறும் பயம். முதல் நாள் சொல்லாததை இரண்டாம் நாள் சொல்ல முடியவில்லை. இரண்டாம் நாள் சொல்லாததை மூன்றாம் மாதம் சொல்ல முடியவில்லை.

இன்று காலை அண்ணியாரின் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை. என்னை உட்காரவும் சொல்லவில்லை. “எனக்குத் தெரியும் தம்பி. அவரு மொத நாளே சொல்லிட்டாரு. கதவு சத்தம் கேட்டா நீங்கதான் சொல்ல வந்துட்டீங்கன்னு எந்திரிச்சு உக்காருவாரு, சாவுற வரைக்கும். எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? சங்கத்துல சொல்லுங்க” என்றார்.

டாக்டர் அவர்களே, உங்கள் ஆஸ்பத்திரியில் தரையில் படுத்த தாய்மார்களிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன். உங்களை ஏமாற்றியவர் அரியமுத்து அல்ல. ஏமாற்றப்பட்டவர்களில் அவரும் ஒருவர். கூட்டத் தலைவர் ஐயா அவர்களே, சங்கத்தின் செயலாளர் பதவியை விட்டு விலகும் கடிதத்தை உங்கள் மேசை மீது வைக்கிறேன். சங்கம் என்னை வெளியே தள்ளினால் போகிறேன். வைத்துக்கொண்டால் அவர் உட்கார்ந்து பஞ்சடித்த இடத்தில் கூலியாக உட்காருகிறேன். இனி நான் கை வைக்கிற எந்த மெத்தையையும் வாங்குகிறவர் இஷ்டப்பட்ட இடத்தில் கிழித்துப் பார்க்கலாம்.

தோழர்களே, வழக்கமாக இந்த இடத்தில், மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுப்பார்கள். உங்களை உறுதி எடுக்கச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. வெள்ளிக்கிழமை நீங்கள் கொட்டகையை விடலாம், விடாமலும் இருக்கலாம். பஞ்சு கிடைக்கவில்லை, விலை கட்டுபடியாகவில்லை என்று காரணம் சொல்லி விட்டால் அதில் நியாயம் உண்டு. ஆனால் அரியமுத்துவே கலப்படம் செய்தார், அப்புறம் நாம் எம்மாத்திரம் என்று எண்ணி ஒருவர்கூடக் கை தூக்காதீர்கள். அவர் செய்யவில்லை. செய்தவன் நான், உங்கள் முன்னால்தான் நிற்கிறேன்.

அண்ணி, சங்கத்தில் சொல்லிவிட்டேன். அதைக் காதால் கேட்காமலே அவர் போய்விட்டார்.