இடம்தான் மாறும்

— என்ன தம்பி இது, திரையில மணலை வாரிக் கொட்டின மாதிரி இருக்கு? உன் அண்ணன் எங்கே?

— அதுக்குள்ளேதான் இருக்கார் அண்ணி. அவர் செத்த அன்னைக்கு நீங்க அத்தனை போட்டோவையும் அழிச்சீங்களே, இது ஒண்ணாவது தப்பிக்கட்டும்னு நான்தான் கலைச்சுப் பூட்டி வச்சேன். கேயாஸ் மேப்னு ஒரு கணக்கு. படத்தைச் சாய்ச்சு இழுக்கும், வெட்டும், திரும்ப அதே சட்டத்துக்குள்ளே அடுக்கும். சுத்தச் சுத்தக் கலையும்.

— புத்தி கெட்டுப்போய் அழிச்சேன். இப்போ கண்ணை மூடினா அவர் சட்டை வருது, செருப்பு வருது, முகம் மட்டும் வரமாட்டேங்குது. பயமா இருக்கு தம்பி.

— வந்துடும். எத்தனை சுத்து கலைச்சேன்னுதான் மறந்து தொலைச்சுட்டேன். பரவாயில்லே, விடாம சுத்தினா படம் தானாவே பழையபடி ஆயிடும். புள்ளியெல்லாம் இடம்தான் மாறும். ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது.

— ஐயோ, குட்டிக் குட்டியா எத்தனை பேர், தலைகீழா! ஒருத்தரையே என்னால சமாளிக்க முடியலை.

— பாதி வழியில அப்படித்தான் தெரியும் அண்ணி.

— நாற்காலி... வந்துட்டார்! நிறுத்து, நிறுத்து!

— அடச்சே, தவறிடுச்சு. மறுபடி கலையுது. இருங்க, திரும்ப வரும்.

— கண்ணைத் திறந்திருந்தார்.

— இருக்காது. அவர் நாற்காலியில தூங்கறப்போ நீங்கதானே எடுத்தீங்க?

— அதனாலதான்டா சொல்றேன்.

— இதோ, வருது... அண்ணி, அண்ணன் எழுந்து நிக்கறார்.

— என்னைத்தான் பார்க்கறார். எவ்வளவு இளைச்சுட்டார் பாரு!

— கணக்குல இப்படி வரவே வராது. நான் அணைச்சுடறேன்.

— அணைச்சே, உன் முகத்துல முழிக்க மாட்டேன். சுத்தட்டும். கையை நீட்டறார், பாரு.

— திரையைத் தொடாதீங்க அண்ணி!

— எவ்வளவு சில்லுனு இருக்கு இவர் கை...

— விடுங்க, படம் சேருது. நிறுத்திட்டேன்! இந்தத் தடவை சரியா நிறுத்திட்டேன். நாற்காலி இருக்கு, அதுல... இது அண்ணன் இல்லியே. அண்ணி, இது நீங்க. கண்ணை மூடிட்டு... எனக்குப் பின்னாலதானே நின்னீங்க? அண்ணி! அண்ணி!

— டேய், கத்தாதே. உன் அண்ணி இப்பத்தான் கண் அசந்தா.