யாகப்பு பிந்திய அரை மணி

மத்தியானம் ஒரு மணி. மண்டைதீவு தாண்டி அல்லைப்பிட்டிக்குப் போகிற பாதை... இரண்டு பக்கமும் ஆழமில்லாத பரவைக் கடல். ஆளில்லை, நாயில்லை. பேய்க் கதைக்கு மத்தியானமா என்று சிரிக்காதீங்கோ. கேளுங்கோ.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. நம்ம கூட்டாளி டெனிஸ்ரனின் பெரியப்பா பஸ்ரியாம்பிள்ளை, மணிக்கூடு திருத்துகிறவர், தனியே சைக்கிள் மிதிக்கிறார். சட்டைப் பையில் செத்துப்போன யாகப்புவின் கைமணிக்கூடு. "மகனுக்கு வேணும், ஓட வைச்சுத் தாங்கோ அண்ணை" என்று பெண்சாதி மரியநாயகி கொடுத்தது.

திறந்து பார்த்த அன்றே அவருக்குத் தன் பிழை விளங்கிவிட்டது.

சாவதற்குக் கொஞ்ச நாள் முந்தி யாகப்பு அதைக் கொண்டுவந்தவன். நாளுக்குப் பத்து நிமிஷம் முந்துகிறதாம். உள்ளே, ஓட்டத்தை ஆளுகிற மயிரிழைச் சுருளில் எண்ணெய் பட்டு, வளையங்கள் ஒட்டியிருந்தன. சுருள் குறுகினால் ஓட்டம் கூடும். கழற்றிக் கழுவ வேண்டும். "கெதியாத் தாங்கோ, வள்ளம் நிக்குது" என்றான் அவன். இவரும் கழுவாமலே, வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குட்டி முள்ளை மெதுவான பக்கம் ஒரே தள்ளு... கொடுத்துவிட்டார்.

கடலில் எந்தக் குலுக்கலிலோ சுருளின் ஒட்டு விட்டுப்போச்சு; தள்ளின முள் தள்ளினபடியே. பிறகென்ன? நாளுக்குப் பத்து நிமிஷம் பிந்தும். மூன்று நாளில் அரை மணி. பஸ்ரியண்ணை பார்த்தது பிழைக்காது என்று அவன் வேறு மணிக்கூடு பார்க்கவேயில்லை.

சண்டை நேரம், ஐந்து மணிக்குள் வள்ளங்கள் கரையேற வேண்டிய காலம். பிந்தினால் நேவியின் வெடி. யாகப்பு வந்தது ஐந்தரைக்கு.

"ரெண்டு மீனுக்கு ஆசைப்பட்டுச் செத்தவன்" என்றது ஊர்.

மரியநாயகி வீட்டுப் படலையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பஸ்ரியாம்பிள்ளை உள்ளதை உள்ளபடி சொன்னார். மரியநாயகி கத்தவில்லை. கதிரையில் இருந்துவிட்டாள்.

"அப்ப அவர் ஆசையில நிக்கேல்லையே?"

"இல்லைப் பிள்ளை. என்ர பிழை."

"ஐயோ அண்ணை... ஒரு மாசமா அஞ்சரைக்கு வந்து கதவைத் தட்டுறார். 'நாயகி, நான் பிந்தேல்லையடி' எண்டுறார். நான் கோவத்தில, 'அந்த மீனோடயே போய்க் குடும்பம் நடத்துங்கோ' எண்டு திறக்கேல்லை."

அன்று நாலு மணிக்கே கதவை அகலத் திறந்தாள். சோறு போட்டு வைத்தாள். இருட்டினால் பாதையில் போக ஏலாது. பஸ்ரியாம்பிள்ளையும் முற்றத்தில் இருந்துவிட்டார்.

ஐந்தரை... ஆறு... ஏழு. ஒரு சத்தமில்லை.

"இஞ்சேருங்கோ... வாங்கோ. நேரம் பிந்தேல்லை" என்று அவள் வெறும் முற்றத்தைப் பார்த்துக் கெஞ்சினாள். கடைசியில் வாசலிலேயே சுருண்டு படுத்தாள்.

விடிய, சோறு போட்டபடியே கிடந்தது. மகனை எழுப்பப் போனவள், "அண்ணை!" என்று கூப்பிட்டாள்.

பொடியன் நல்ல நித்திரை. உடுப்பு காய்ந்திருந்தது, பாய் காய்ந்திருந்தது. தலை மட்டும், யாரோ இரவிரவாகத் தடவிவிட்ட மாதிரி... ஈரம்.

பஸ்ரியாம்பிள்ளை தொட்டு, விரலை நாக்கில் வைத்தார்.

உப்பு.