அன்ரி தட்டினால் மட்டும்

தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் பிள்ளை, எனக்கு நீரிழிவு. கௌரி என்றுதானே பெயர் சொன்னீர்கள்? நான் தமிழில் ஆறுதலாகச் சொல்கிறேன், நீங்கள் இந்தப் பொலிஸ்காரருக்குப் பிரெஞ்சில் மாற்றிச் சொல்லுங்கள். என்னுடைய பிரெஞ்சு கடைக்குப் போய்வரத்தான் காணும். முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நெருப்பை நான் வைக்கவில்லை. அது கீழ்வீட்டு ஹீற்றரில் பிடித்தது.

பார்க் எக்ஸ்டென்ஷனில் அந்த மாடிவீட்டுக்கு நாங்கள் மூன்று பேராகத்தான் வந்தோம். என்னுடைய மனிசன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். மகள் துஷாந்தினி ஒட்டாவாவில் வேலை என்று போனவள், போன் எடுப்பதையும் மெல்ல மெல்லக் குறைத்துவிட்டாள். எதிர்வீட்டில் ஒரு கிரேக்கக் கிழவர் இருந்தார். குளியலறையில் விழுந்து கிடந்தவரை மணம் வந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். அன்றைக்குப் பிடித்த பயம் பிள்ளை. சாவுக்கு இல்லை, ஒருத்தரும் தேடாமல் கிடப்பதற்குத்தான் பயம். சோறு போட்டு வைத்துக்கொண்டு சாப்பிடாமல் கதவைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அப்போதுதான் மேல்வீட்டுக்குத் தனுஷா வந்தாள். வன்னிப் பிள்ளை. புருசன் ரதீசன் பெரிய ட்ரக் ஓட்டுகிறவன், அல்பேர்ட்டா பக்கம் போனால் ஒரு கிழமைக்கு ஆளைக் காணக் கிடைக்காது. "அன்ரி, ஒருக்கால் பாத்துக்கொள்ளுங்கோ" என்று என்னிடம்தான் ஒப்படைத்தான். நானும் பார்த்தேன். குறை சொல்ல முடியாது.

அவள் கதவு தட்டும் சத்தத்துக்கு நடுங்குவாள். ஊரில் தமையனைத் தேடி வந்தவர்கள் சப்பாத்துக் காலோடு வந்து, விளங்காத பாஷையில் கத்திக் கதவை இடித்தார்களாம். தாய் திறந்தாள். அவர்கள் கொண்டுபோன தமையன் போனவன்தான், திரும்பவில்லை. எனக்கு அது புதிதில்லை, நானும் யாழ்ப்பாணத்தில் சுற்றிவளைப்புகளைப் பார்த்தவள்தான். அதனால் சொன்னேன், "பிள்ளை, இஞ்சையும் கண்டபாட்டுக்குக் கதவு திறக்கக்கூடாது. விளங்காத பாஷையிலை ஆர் தட்டினாலும் திறவாதை. நான் மோதிரத்தாலை மெல்லத் தட்டி, தனு எண்டு கூப்பிடுவன். அதுக்கு மட்டும் திற." இதில் என்ன பிழை? ஒரு தாய் சொல்கிற புத்திதான்.

கொஞ்ச நாளில் அவளுக்குத் துணிவு வந்துவிட்டது. பிரெஞ்சு வகுப்புக்குப் போனாள், அங்கே கூட்டாளிகளும் பிடித்துவிட்டாள். பின்னேரத் தேத்தண்ணிக்கு வருவது நின்றது. "பேந்து வாறன் அன்ரி" என்பாள், வரமாட்டாள். நான் ரோல்ஸ் சுட்டு வைத்துக்கொண்டு இருப்பேன்.

மனிசனுடைய பழைய குளிர்காலச் சப்பாத்து அலுமாரிக்குள் கிடந்தது. ஒரு மத்தியானம் அதைப் போட்டுக்கொண்டு மேலே ஏறினேன். படியில் ஊன்றி நடந்தேன். கையைப் பொத்தி அவளுடைய கதவில் நன்றாக இடித்தேன். குரல் கொடுக்கவில்லை, தேவைப்படவும் இல்லை. உள்ளே ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. பிறகு பின்படியால் இறங்கி, சப்பாத்தைக் கழற்றி வைத்து, முகம் கழுவி, மேலே போய் மோதிரத்தால் தட்டினேன். அவள் கதவுச் சங்கிலியைக் கழற்றித் திறந்து, "அன்ரி, அவங்கள் வந்திட்டாங்கள்" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். என் சொந்த மகள்கூட என்னை அப்படிப் பிடித்ததில்லை. அன்று இரவு என் வீட்டில்தான் படுத்தாள். அவளுடைய மூச்சுச் சத்தம் கேட்டபடி நானும் நித்திரை கொண்டேன்.

பிறகும் சில தடவை செய்தேன். அவள் விலகும்போது மட்டும்தான். மருந்தும் அளவோடுதானே கொடுப்பார்கள். வகுப்பை விட்டாள். வெளியில் போவதென்றாலும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் போவாள்.

தை மாதம் வந்து சொல்கிறாள், ரதீசனுக்கு ரொறன்ரோவில் வேலையாம், வீடும் பார்த்தாயிற்றாம். "அங்கை எனக்குப் பயம் இருக்காது அன்ரி. அவர் ஒவ்வொரு நாளும் வீட்டை வருவார்." அதைச் சொல்லும்போது அவளுடைய முகத்தைப் பார்க்கவேண்டும். நான் சிரித்துக்கொண்டு, "நல்லது பிள்ளை" என்றேன். எதிர்வீட்டுக் கிழவரின் கதவுதான் கண்ணுக்குள் நின்றது.

நெருப்புப் பிடித்தது அந்தக் கிழமைதான். எங்கள் கட்டடத்தில் மிளகாய் பொரித்தாலே அலாரம் கத்தும், அதனால் ஒருத்தரும் உடனே வெளியே வரவில்லை. நான் புகையைக் கண்டு இறங்கிப் பனிக்குள் நின்றேன். தீயணைப்புக்காரர்கள் சப்பாத்துக் காலோடு ஏறினார்கள். ஒவ்வொரு கதவாக இடித்து, "ஊவ்ரே! ஊவ்ரே!" என்று கத்தியது தெருவரை கேட்டது. திற என்றுதான் கத்தினார்கள். ஒருத்தர் இறங்கி வந்து, மேல்வீட்டில் யாரும் இருக்கிறார்களா என்று என்னைக் கேட்டார். அவ்வளவு பிரெஞ்சு எனக்கு விளங்கும். "பெர்சொன்" என்றேன். ஒருத்தரும் இல்லை என்று.

யோசித்துத்தான் சொன்னேன். அவர்கள் உடைத்துக்கொண்டு போய் அவளைத் தூக்கி வந்தால், கதவை இடிப்பவன் காப்பாற்றவும் வருவான் என்று அவள் கண்டுகொள்வாள். பிறகு அவளுக்கு நான் எதற்கு? நான் பின்படியால் போய்த் தட்டி, நானே கூட்டிவந்தால், அவள் என்னை விட்டுப் போவாளா? அதுதான் என் எண்ணம்.

அப்போதுதான் போன் அடித்தது. பொலிஸ் அவளுடைய போனில் கண்டுபிடித்த அழைப்பு இதுதான். "அன்ரி, அவங்கள் கதவை இடிக்கிறாங்கள். புகையும் மணக்குது. திறக்கட்டே?" என்று அழுதாள். நான் சொன்னேன், "திறவாதை பிள்ளை. நான் வாறன். நான் தட்டுவன்."

பின்படிக்குப் போனேன், விடவில்லை. ஒரு பொலிஸ்காரி என்னைப் பிடித்து இழுத்துப் போர்வை போர்த்தினாள். அவளிடம் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் முதலில் சொன்னது பொய்யாகிவிடும், ஏன் என்று கேட்பார்கள். போன் மறுபடியும் அடித்தது. கையுறையைக் கழற்றவேண்டியிருந்தது. கழற்றுவதற்குள் நின்றுவிட்டது. பிறகு அடிக்கவே இல்லை.

கதவுக்குப் பக்கத்தில்தான் உயிரில்லாமல் கிடந்தாளாம், கதவுச் சங்கிலி போட்டபடியே. ரதீசன் என் காலடியில் விழுந்து அழுதான். நான் அவனுடைய தலையைத் தடவிவிட்டேன். சொல்வழி கேட்கிற பிள்ளை அவள். கடைசிவரை எனக்காகத்தான் காத்திருந்தாள், வேறு ஒருத்தருக்கும் இல்லை.

அவ்வளவுதான். முழுவதும் மாற்றிச் சொல்லிவிட்டீர்களா? ஏன் பிள்ளை கதிரையைப் பின்னுக்கு இழுக்கிறீர்கள்? இந்தத் தேத்தண்ணியைக் குடியுங்கள். தனியாகவா இருக்கிறீர்கள்? இந்த நகரத்தில் தனிய இருப்பது சரியான பயம். இனி வருவதை அவருக்கு மாற்றவேண்டாம், இது உங்களுக்குத்தான். வீட்டை போனதும் சங்கிலியைப் போடுங்கோ. ஆர் தட்டினாலும் திறக்காதேங்கோ. இஞ்சை, இந்த மேசையிலை தட்டிக் காட்டுறன், வடிவாக் கேளுங்கோ. நான் வந்தால் இப்பிடித்தான் தட்டுவன்.