போமி நம்பர் போட்ட கற்கள்

— கையை எடுங்கப்பா! இன்னொரு கல்லை வச்சீங்கன்னா நான் பொல்லாதவளாயிடுவேன்.

— கத்தாத போமி. ஒண்ணு சரிஞ்சா மொத்தமும் சரியும். வேண்டுதல் போயிடும்.

— வேண்டுதலா? அதுல சாக்பீஸ்ல நம்பர் போட்டிருந்தேனே, கண்ணு தெரியலையா?

— தெரிஞ்சுதான் எடுத்தேன். என் மக கையெழுத்தாச்சே. ஒண்ணு அடியில, ஒம்பது உச்சியில. வரிசை தப்பல பாரு.

— ஐயோ! நாளைக்கு வெளிநாட்டுலேர்ந்து ரெண்டு பேர் இந்த மலைப் பூங்காவைப் பரிசோதிக்க வர்றாங்க. இந்தத் தூண் பாறை எரிமலைக் குழம்பா இருந்து எப்படி ஆறி, எப்படி வெடிச்சுதுன்னு இந்தத் துண்டுங்களை வச்சுத்தான் காட்டப்போறேன். மூணு நாள் அளந்து அளந்து வச்சது!

— மலை ஏறுற எல்லாரும்தான் கல்லு அடுக்குறாங்க.

— அடுக்காதீங்கன்னு பலகை வச்சதே நான்தான்! வழிகாட்டியோட அப்பாவே அதுக்குக் கீழ உக்காந்து அடுக்குறாரு. நாளைக்குச் சொதப்பினா என் வேலை நிரந்தரமாகாது. தெரியும்ல?

— தெரியும், தெரியும். மொதல்ல இந்த கிம்பாப் சோத்துச் சுருள் ரெண்டு தின்னு. காலையிலேர்ந்து வெறும் காப்பி.

— பேச்சை மாத்தாதீங்க... முள்ளங்கி வைக்கலையா?

— உனக்குத்தான் ஆகாதே.

— ம்ம். கோபம் போகல, சொல்லிட்டேன். இறக்குங்க. ஒம்பது, அந்த வெடிப்போரமா. எட்டு... மெதுவா! எட்டுக் கோடி வருஷத்துக் கல்லுப்பா.

— அவ்வளவு நாள் தாங்கினது என் கையிலயா உடையப்போகுது?

— இந்த முழங்காலோட எப்படி ஏறினீங்க?

— நாலு எடத்துல உக்காந்தேன். உக்காந்த எடத்துலெல்லாம் உன்னைத் திட்டினேன்.

— திட்டுங்க, திட்டுங்க. நம்ம குடும்பத்துலயே மொத டிகிரி நான். அதுவும் கல்லுப் படிப்பு. கல்லுக்குக் காது கெடையாதுன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு வேலை நிரந்தரமாகணும்னு இவ்வளவு தூரம் ஏறி வந்து வேண்டியிருக்கீங்களே... தேங்க்ஸ்ப்பா.

— ஆகணும்னு வேண்டினேன்னு யாரு சொன்னா?

— பின்ன?

— ஆகக் கூடாதுன்னு. மேல படிக்க வரச் சொல்லி பூசான் யுனிவர்சிட்டிலேர்ந்து வந்த கடுதாசியை அரிசிப் பானைக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கியே, பார்த்துட்டேன். எனக்குச் சோறு பொங்கிப் போட்டுக்கிட்டு இங்கயே நின்னுடாதடி, கண்ணு.