மூணாவது கன்னு

இங்கிலீசுல டைப் பண்ண வேண்டாமுங்க அம்மிணி. அந்தக் கம்ப்யூட்டர மூடி வெச்சுப்போட்டு, கையில, தமிழ்ல எழுதுங்க. ஏன்னு பொறவு சொல்றனுங்க. எழுதறதுக்கு முந்தி ஒண்ணு கேட்டுக்கோங்க. இந்தச் சங்கதிய ஆறு வருசமா நானே நம்பலீங்க. நம்பாத ஆளு எதுக்குங்க சாட்சி சொல்ல வந்தீங்கன்னு கேப்பீங்க. நாயந்தான். நானும் வர்ற வழியெல்லாம் அதத்தான் கேட்டுட்டு வந்தேன்.

பேரு நஞ்சப்பன். பனியன் கம்பெனில பேக்கிங் செக்சன் பாக்கறனுங்க, இருவத்தெட்டு வருசமா. உளவு பாக்கற ஆபீஸுகளயும் பார்லிமெண்டு கூப்புட்டுக் கேள்வி கேக்கோணும்னு உங்க எம்.பி. ஒரு மசோதா கொண்டாறாங்க, அதுக்குப் பாதிக்கப்பட்டவங்க சொல்றத எழுதி வாங்கறீங்கன்னு ரோஸ்மேரி சொன்னா. அவ நாளைக்கு வருவாளுங்க. எங்க கம்பெனிலதான் செக்கிங்ல இருக்கறா. அவ ஊட்டுக்காரன் அந்தோணிராஜப் பத்தித்தான் நானும் சொல்ல வந்தது.

இல்லீங்க, இந்தப் பக்கத்து ஆளு இல்ல. தூத்துக்குடிக்குத் தெக்க, கடக்கரை. அவங்கூர்ல என்னமோ போராட்டம் நடந்தப்ப இவனும் கூட்டத்துல நின்னிருக்கான். பேரு ஏதோ லிஸ்டுல ஏறிருச்சு. அதுல இருந்து அவன் போன ஒட்டுக் கேட்டிருக்காங்க. அதெல்லாம் எங்களுக்கு நெம்பப் பின்னாலதான் தெரியும். எங்களுக்குத் தெரிஞ்ச அந்தோணி, பெட்டிக்கு டேப்பு ஒட்டிட்டே மாதா கோயில் பாட்டுப் பாடற ஆளு. நம்ம பக்கம் சின்னவங்கள எல்லாம் கண்ணுன்னுதான கூப்புடுவம். மொத நாளு அவன அப்படிக் கூப்புட்டப்ப, வேற யாரையோன்னு பின்னால திரும்பிப் பாத்தான். எங்கூர்ல ஏல மூதிம்பாங்கண்ணே, எங்கம்மகூட என்னய இப்படிக் கூப்புட்டதில்ல, இன்னொருக்கா சொல்லுங்கன்னான். செக்சனே சிரிச்சுது.

பதினோரு வருசத்துக்கு முந்தி, ஒரு புதங்கெழம. ஷிப்மென்ட் நாளு. துணியில வெலச் சீட்டு குத்தறதுக்கு பிளாஸ்டிக்ல ஒரு துப்பாக்கி இருக்குதுங்க, டேக் கன்னு. நாங்க வெறும் கன்னுன்னுதான் சொல்லுவம். அன்னைக்குன்னு பாத்து எங்களுது ரெண்டும் ஒடஞ்சு போச்சு. அந்தோணி பல்லடத்துல எங்க இன்னொரு யூனிட்டுக்குப் போயிருந்தான். கம்பெனி போன்ல இருந்து அவனுக்கு ஒரு போன் போச்சுங்க. கன்னு ரெண்டு எடுத்துட்டு வந்துரு கண்ணு, சாயங்காலத்துக்குள்ள முடிச்சுப்போடோணும். அவ்வளவுதான் பேச்சு. அர நிமிசம் இருக்காது.

மத்தியானம் ரெண்டு மணிக்குப் பல்லடம் பஸ் ஸ்டாண்டுல, ரெண்டு பேரு அவன் தோள்ல கை போட்டு, தெரிஞ்சவங்களாட்டம் கூட்டிட்டுப் போயிருக்காங்க. பூ விக்கற அம்மா பாத்திருக்குது.

இருவத்தி மூணு நாளுங்க. ஸ்டேசன்ல நாங்க புடிக்கலன்னாங்க. கோர்ட்டுல ஒவ்வொரு ஆபீஸும் எங்ககிட்ட இல்லன்னுச்சு. அப்பறம் தகவல் சட்டத்துல மனுப் போட்டதுக்கு, எங்க ஆபீஸ் இந்தச் சட்டத்துக்குள்ள வராதுன்னு ஒரே ஒரு வரி வந்துச்சு. அப்ப இருந்த எம்.பி.கிட்டப் போனம். நாங்களே கேக்க முடியாதுங்க நஞ்சப்பன்னு கைய விரிச்சுட்டாரு. எனக்கு அது மண்டையிலயே ஏறல. எங்க கம்பெனிக்கு, பனியன் வாங்கற வெளிநாட்டு பையரோட ஆளு ஆடிட்டுக்கு வர்றானுங்க. கக்கூஸ்ல சோப்பு இருக்குதான்னு மோந்து பாக்கறான். தைக்கற புள்ளைகளத் தனியாக் கூப்புட்டு, உன்ன யாராச்சும் வையறாங்களான்னு கேக்கறான். ஒரு பனியனுக்கு அத்தன கேள்வி. மனுசனத் தூக்கிட்டுப் போறவங்களக் கேக்கறதுக்கு நாட்டுல ஆளில்லைங்கறாங்க.

வந்தானுங்க, வந்தான். குண்டடம் ரோட்டுல எறக்கி உட்டுட்டுப் போயிருந்தாங்க. ஒடம்புல பெருசாக் காயமில்ல. வேலைக்கும் வந்தான். ஆனா நாங்க கட்டி வெச்ச பெட்டிகள ஒண்ணொண்ணாப் பிரிப்பான். என்னடா தேடறேன்னா, மூணாவது கன்னு எங்கண்ணேம்பான். ரெண்டத்தான கொண்டு வரச் சொன்னது, மூணாவது எங்கண்ணே. புத்தி பெசகிப் போச்சுன்னு நெனச்சம். ஒரு நா மனசு கேக்காம ஒரு டேக் கன்ன எடுத்து அவன் கையில வெச்சு, இந்தா கண்ணு, இதா இருக்குது மூணாவது, போய்ச் சோலியப் பாருன்னேன். திருப்பித் திருப்பிப் பாத்தான். இது இல்லண்ணே, அவங்க கேக்கறது வேறன்னு மேச மேல வெச்சுட்டான்.

பதினோரு மாசம் இருந்தான். ஒரு நா டீ டைமுக்கு எந்திரிச்சு வெளிய போனவன், வஞ்சிபாளையத்துப் பக்கம் தண்டவாளத்துல... அத ரோஸ்மேரி சொல்லுவாளுங்க. எங்கிட்ட கேக்காதீங்க.

அப்பறம் நாலு வருசம் கழிச்சு, சசிகுமார்னு ஒருத்தரு என்ர ஊட்டத் தேடிட்டு வந்தாரு. டெல்லியிலயே பொறந்து வளந்த தமிழ் ஆளு. ஏதோ ஒரு ஆபீஸ்ல, எந்த ஆபீஸுன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லல, போன் பேச்சக் கேட்டு இங்கிலீசுல எழுதற வேல பாத்து ரிட்டையர் ஆனவரு. மகளப் பல்லடத்துல கட்டிக் குடுத்திருக்காரு. அங்க பஸ்ஸுல கண்டக்டர் ஒரு பள்ளிக்கூடத்துப் புள்ளைய, உள்ள தள்ளி நில்லு கண்ணுன்னு சொல்லியிருக்காரு. அதக் கேட்டதும் இந்த மனுசன் அடுத்த ஸ்டாப்புலயே எறங்கிட்டாராமுங்க.

கன்னு ரெண்டு, அப்பறம் ஒரு கன்னு, ஆகத் துப்பாக்கி மூணு. அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்காரு. ரெண்டு சுழி கன்னும் மூணு சுழி கண்ணும் அவரு காதுக்கு ஒண்ணாத்தான் கேட்டிருக்குது. பையில ரெண்டு பிளாஸ்டிக் கெடச்சதும், அப்ப மூணாவதுதான் நெசத் துப்பாக்கின்னு முடிவு பண்ணிப்போட்டாங்க. இருவத்தி மூணு நாளும் அந்த ஒண்ணத்தான் கேட்டிருக்காங்க. அவன் என்னத்தச் சொல்லுவான்?

அதானுங்க, தமிழ்ல எழுதச் சொன்னது. சுழி பாத்து எழுதுங்க.

நான் நம்பலீங்க. காப்பி குடிக்கறதுக்குள்ள அவர எந்திரிச்சுப் போகச் சொல்லிட்டேன். தப்பு பண்ணவன் தூக்கம் வராம ஒரு கதையக் கட்டிட்டு வந்திருக்கறான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா பாருங்க, நீங்க எம் புள்ள வயசு, வந்ததுல இருந்து உங்கள அம்மிணின்னேதான் கூப்புட்டுட்டிருக்கறேன். எம் பேத்தியக்கூடப் பேரச் சொல்லித்தான் கூப்புடறது. அந்த வார்த்தை வாய்ல வர்றதில்லீங்க, அவரு வந்துட்டுப் போன நாள்ல இருந்து. அப்ப நம்பலன்னு நான் எப்படிச் சொல்றது? அது எனக்கே வெளங்கல.

யாரு? போன் பண்ணதா? நான்தானுங்க. பின்ன எதுக்கு அவரு என்ர ஊட்டத் தேடிட்டு வர்றாரு.

அதையும் எழுதிக்கோங்க. அவனக் காணாத இருவத்தி மூணு நாளும் அந்தப் போனுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். போன்ல கன்னுன்னு சொன்னதுதான் வெனையாப் போச்சோன்னு அப்பவே உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம். யாராச்சும் வந்து கேட்டா, கன்னுன்னா இதாங்கன்னு எடுத்துக் காட்டிப்போடலாம்னு. யாரும் கேக்கல. நானாப் போயும் சொல்லல, என்னையும் தூக்கிருவாங்களோன்னு. ரோஸ்மேரிக்குத் தெரியாதுங்க. கிறிஸ்துமஸுக்குக் கேக்கு கொண்டாந்து குடுக்கறா, வாங்கிச் சாப்புடறேன். நாளைக்கு அவ வந்தா, நான் சொன்னத அப்படியே படிச்சுக் காட்டுங்க. நானாச் சொல்லிருவேன்னு எனக்கு நம்பிக்க இல்ல.

உங்க மசோதா வந்தா, அன்னைக்கு நாங்க பேசுனதப் புடிச்சு வெச்ச டேப்பக் கேட்டு வாங்க முடியுங்களா? முடியாமயும் போகலாம். செரி, எழுதியாச்சும் வெய்ங்க.

போன மாசம் குண்டடத்துல ஒரு கல்யாணத்துல சசிகுமாரப் பாத்தேன். என்னக் கண்டதும் ஒதுங்கப் பாத்தாரு. நானே போய்ப் பக்கத்துல உக்காந்தேன். அந்தப் பேச்சக் கேட்டதுல எனக்குத் தெரிஞ்சு அவரும் நானும்தான் மிச்சம். எந்தக் கொரல்ல சொன்னேன்னு எனக்கோ நெனவில்ல. ஷிப்மென்ட் அவசரம், காலையில இருந்து எல்லாத்தையும் கத்திட்டுத்தான் இருந்தேன். அதனால கேட்டனுங்க. சார், அன்னைக்கு நான் அவனக் கண்ணுன்னு கூப்புட்டது உங்க காதுக்குப் பாசமாக் கேட்டுச்சுங்களா, இல்ல அதட்டறாப்பலக் கேட்டுச்சுங்களான்னு.