வரப்பு மண்

கையெழுத்தும் பிழைகளும் மோசமாக இருக்கும், மன்னிக்கவும். ஐந்தாவது வரை படித்தவன்.

அதியமான்கோட்டையில் பஸ் ஏறிய வெளியூர் வாத்தியார், பக்கத்திலிருந்த விவசாயியிடம் ஒரு பையைக் காட்டினார்.

“அதியமானைப் பாட வந்த புலவர்கள் நின்ன இடத்து மண்ணுங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குக் காட்டணும். டீக்கடையில வழி சொன்னாங்க.”

“மோட்டார் ரூமுக்கு எதிர்ல இருக்குற வயக்காடுங்களா?”

“ஆமாங்க.”

“அது எங்க பங்காளி காடுங்க. முன்ன எங்க காட்டைத்தான் காட்டுனாங்க. வர்றவங்கல்லாம் மண்ணு அள்ளி, வரப்பு ஒடஞ்சி தண்ணியெல்லாம் போச்சு. நாந்தான் டீக்கடையில மாத்திச் சொல்லச் சொன்னேன்.”

வாத்தியார் பையைப் பார்த்தார்.

“அப்போ உங்க காடுதான் நெஜமான இடமா?”

“தெரியலீங்க. மேல்காட்டுக்காரரு வரப்பு ஒடஞ்சப்ப, அவருதான் எங்க காட்டைக் கைகாட்டி வுட்டாரு.”

வாத்தியார் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

பின்சீட்டிலிருந்து நான் கேட்டது சித்திரையில். எழுதியது ஆடி பதினெட்டு.